மூலையில் ஒரு சர்வர்... உள்ளே ஒரு பெங்குவின்!

உங்கள் ஊரில் ஏதாவது ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குள் போய்ப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், சுவரில் சாமி படம் போட்ட காலண்டர். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். தெரியாத ஆசாமி ஒருத்தர் உண்டு. பீரோவுக்குப் பின்னாலோ, மேஜைக்கு அடியிலோ தூசி படிந்து, 'உர்ர்ர்...' என்று ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டி. கிட்டே போனால், 'அதைத் தொடாதீங்க தம்பி, அது சர்வர்!' என்பார்கள். அது என்ன செய்கிறது என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால், அது ஒருநாள் படுத்தால் ஆபீஸே படுத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பெட்டியில் காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட முடியுமா? போட்டால் ஆபீஸ் ஓடுமா? அதை நீங்கள் செய்ய முடியுமா? மூன்றுக்கும் பதில் 'முடியும்'தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு 'ஆனால்' உண்டு. இந்தக் கட்டுரையே அந்த 'ஆனால்'களைப் பற்றியதுதான் பாஸ்!

முதலில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். காலையில் வந்து கம்ப்யூட்டரில் பெயரும் பாஸ்வேர்டும் தட்டுகிறீர்கள். 'இவர் நம்ம ஆள்தான், உள்ளே விடு' என்று சொல்வது சர்வர். 'இசட் டிரைவ்ல இருக்கு, எடுத்துக்கோங்க' என்கிறார்களே, அந்த டிரைவ் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை, சர்வரில் இருக்கிறது. சம்பள ஃபோல்டரை அக்கவுன்டன்ட் திறக்கலாம், ரிசப்ஷனில் இருப்பவர் திறக்கக் கூடாது என்று காவல் காப்பதும் அதுதான். பிரின்ட்டுக்கு வரிசையில் நிற்க வைப்பது, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நெட்வொர்க் முகவரி கொடுப்பது, சில இடங்களில் ஈமெயில்... வாட்ச்மேன், ரெக்கார்டு ரூம் கிளார்க், போஸ்ட்மேன் மூன்று பேர் வேலையையும் ஒரே ஆள் பார்க்கிறார்.

இந்த மூன்று வேலையையும் ஒரே பொட்டலமாகக் கட்டிச் சின்ன ஆபீஸ்களுக்கு விற்றது மைக்ரோசாஃப்ட். 1997-ல் வந்தது முதல் பொட்டலம். பின்னால் 'ஸ்மால் பிசினஸ் சர்வர்', சுருக்கமாக எஸ்.பி.எஸ். என்றே பெயர் நிலைத்தது. லாகின், ஃபைல், ஈமெயிலுக்கு எக்ஸ்சேஞ்ச் எல்லாம் உள்ளே. தனித்தனியாக வாங்கினால் ஆகிற விலையோடு பார்த்தால் ரொம்ப மலிவு. ஃபுல் மீல்ஸ் மாதிரி! ஆனால் மீல்ஸுக்குக் கண்டிஷன் உண்டு. 75 பேருக்கு மேல் உட்கார முடியாது. அந்த நெட்வொர்க்கில் அவர்தான் நாட்டாமை, இன்னொரு எஸ்.பி.எஸ். பக்கத்தில் இருக்கக் கூடாது. சர்வருக்குக் காசு கொடுத்தால் போதாது, அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆளுக்கோ கம்ப்யூட்டருக்கோ தனியாக ஒரு லைசென்ஸ் வாங்க வேண்டும். சர்வர் உலகத்தில் 'கால்' என்று செல்லமாகச் சொல்வார்கள். 'கிளையன்ட் ஆக்சஸ் லைசென்ஸ்' என்பதன் சுருக்கம். புதிதாக ரெண்டு பேரை வேலைக்கு எடுத்தால் ரெண்டு நாற்காலியோடு ரெண்டு 'கால்'. நாற்காலிக் கால் இல்லை!

இது பல வருஷம் நன்றாகவே ஓடியது. 2012 ஜூலையில் வந்தது அறிவிப்பு: இனி அடுத்த எஸ்.பி.எஸ். கிடையாது. எஸ்.பி.எஸ். 2011-தான் கடைசி. சின்ன ஆபீஸ்களுக்கு 'எசென்ஷியல்ஸ்' என்ற சர்வர் தொடரும், 25 பேர் வரைக்கும் தனி லைசென்ஸ் வேண்டாம், ஆனால் அதில் ஈமெயில் கிடையாது. ஈமெயில் வேண்டுமா? மாதாமாதம் ஆள் கணக்கில் காசு கட்டி கிளவுடுக்கு வாருங்கள். அந்த எசென்ஷியல்ஸுக்கே உரிய தனி வசதிகளையும் 2019 பதிப்பில் கழற்றிவிட்டார்கள். எஸ்.பி.எஸ். 2011-க்கு அடியில் இருந்த விண்டோஸுக்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றது. தனியாக எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 வாங்கி வைத்திருந்தவர்களுக்கு 2025 அக்டோபர் 14-ல் அதே கதி.

மைக்ரோசாஃப்ட்டைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. வியாபாரம் பண்ணுகிற கம்பெனி எங்கே லாபமோ அங்கேதான் போகும். கவனிக்க வேண்டியது வேறு. பெட்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் ரிப்பேர் இல்லை, டிஸ்க் நிரம்பவில்லை. ஆனால் அது எந்தத் தேதியில் சாக வேண்டும் என்பதை மட்டும் ஆபீஸ்காரர் முடிவு செய்யவில்லை.

சரி, இப்போது அதே 2012-ன் டிசம்பருக்கு வாருங்கள். எஸ்.பி.எஸ்.ஸுக்கு மூடுவிழா அறிவித்து ஐந்து மாசம்கூட முழுசாக ஆகி ஒரு வாரம்தான் கூடியிருக்கும். டிசம்பர் 11 அன்று 'சாம்பா 4.0' வெளியானது. லினக்ஸ் பெட்டி ஒன்று விண்டோஸ் சர்வரின் நாற்காலியில், அதாவது ஆக்டிவ் டைரக்டரி என்ற லாகின் நாட்டாமை பதவியில், உட்கார முடியும் என்று ஆனது அன்றைக்குத்தான். விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு வித்தியாசமே தெரியாது!

இந்த சாம்பா யார் பெற்ற பிள்ளை? உங்களைப் போல ஒரு மாணவர் பெற்ற பிள்ளை.

டீக்கடையில் உட்கார்ந்து மலையாளம் கற்றுக்கொள்வது எப்படி?

1991 டிசம்பர். ஆஸ்திரேலியாவின் கான்பெர்ராவில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. பண்ணிக்கொண்டிருந்தார் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். அவருடைய டாஸ் கம்ப்யூட்டரில் இருந்து யூனிக்ஸ் சர்வரின் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். டெக் என்ற கம்பெனியின் சாஃப்ட்வேர் ஒன்று இதைச் செய்தது. ஆனால் அது பேசுகிற நெட்வொர்க் மொழிக்கு அவரிடம் இலக்கணப் புத்தகம் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒயரில் போகும் பேச்சை ஒட்டுக்கேட்டார். இந்தப் பக்கம் இப்படிக் கேட்டால் அந்தப் பக்கம் இப்படிப் பதில் வருகிறது என்று பார்த்துப் பார்த்து, தானே பதில் சொல்லும் ஒரு சர்வரை எழுதினார். 1992 ஜனவரியில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்.

பிறகு அதை மறந்தே போனார். ரெண்டு வருஷம் கழித்து, மனைவியின் விண்டோஸ் கம்ப்யூட்டரைத் தன் லினக்ஸோடு இணைக்கப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அன்றைக்கு எழுதியதே இதற்கும் வேலை செய்கிறது என்று! டெக் பேசியதும் மைக்ரோசாஃப்ட் பேசியதும் ஒரே மொழி, எஸ்.எம்.பி.

இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் 'ஃப்ரெஞ்ச் கஃபே'. ஃப்ரெஞ்ச் கற்கப் புத்தகமும் இல்லை, வாத்தியாரும் இல்லை என்றால், ஒரு ஃப்ரெஞ்ச் காபிக் கடையில் போய் உட்கார்ந்து யார் என்ன கேட்கிறார்கள், என்ன வருகிறது என்று கவனியுங்கள் என்பார். நம்ம ஊர்க் கணக்கில், சேட்டன் டீக்கடையில் ஒரு மாசம் உட்கார்ந்தால் மலையாளம் வந்துவிடும் இல்லையா? அதேதான்!

பெயர் வந்த கதை இன்னும் ஜோர். முதலில் 'எஸ்.எம்.பி. சர்வர்' என்றுதான் வைத்திருந்தார். அந்தப் பெயர் எங்களுக்குச் சொந்தம் என்று ஒரு கம்பெனி நோட்டீஸ் விட்டது. உடனே தன் கம்ப்யூட்டரில் இருந்த அகராதியில், எஸ்-ஸில் தொடங்கி எம், பி என்ற எழுத்துகள் அதே வரிசையில் வரும் வார்த்தைகளைத் தேடச் சொன்னார். வந்த சில வார்த்தைகளில் பிரேசில் நடனத்தின் பெயரும் இருந்தது. சாம்பா!

ஒட்டுக்கேட்டுக் கற்றால் எவ்வளவு தூரம் போக முடியும்? ஃபைல் பரிமாற்றம் வரைக்கும் நன்றாகவே போனது. ஆனால் 2000-ல் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவ் டைரக்டரியைக் கொண்டுவந்த பிறகு மொழி ரொம்பச் சிக்கலானது. இங்கே ஒரு கோர்ட் கேஸ் உதவிக்கு வந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1998-ல் ஐரோப்பிய கமிஷனிடம் புகார் கொடுத்தது: மற்றவர்களின் சர்வர்கள் விண்டோஸோடு பேசத் தேவையான விவரங்களை மைக்ரோசாஃப்ட் தர மறுக்கிறது என்று. 2004-ல் 49.7 கோடி யூரோ அபராதம் விழுந்தது. மைக்ரோசாஃப்ட் அப்பீலுக்குப் போனது. சாம்பா குழுவும் ஐரோப்பாவின் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையும் அந்த வழக்கில் எதிர்த்தரப்பில் நின்றன. 2007 செப்டம்பரில் அப்பீல் தோற்றது. அந்த டிசம்பரில், ஒரே ஒரு தடவை 10,000 யூரோ கட்டி, அந்த மொழியின் 'இலக்கணப் புத்தகம்' சாம்பாவின் கைக்கு வந்தது. அங்கிருந்து ஐந்து வருஷ உழைப்புக்குப் பிறகுதான் 4.0.

ஆக, உங்கள் ஆடிட்டர் ஆபீஸில் லினக்ஸ் சர்வர் ஓடுவதற்குப் பின்னால் ஒரு பிஎச்.டி. மாணவரின் ஆர்வமும் இருக்கிறது, லக்ஸம்பர்க் கோர்ட்டின் தீர்ப்பும் இருக்கிறது.

டெஸ்க்டாப்பில் கை வைக்காதீங்க!

லினக்ஸ் பிடித்துப்போன புதுசில் எல்லோருக்கும் ஒரு வேகம் வரும். 'மொத்த ஆபீஸையும் மாத்திடலாம்!' வேண்டாம் தலைவரே. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-ல் அப்படி முடிவெடுத்து, பத்து வருஷத்தில் சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. 2017-ல் நகர மன்றம் திரும்பவும் விண்டோஸுக்கே போவதாக ஓட்டுப் போட்டது. அதற்கு அரசியல் காரணமா, தொழில்நுட்பக் காரணமா என்று இன்னமும் சண்டை நடக்கிறது. அது நமக்கு வேண்டாம். ஊழியரின் கண்ணில் தினமும் படுவதை மாற்றினால் தினமும் புகார் வரும். சர்வரை மாற்றினால், ஒழுங்காக மாற்றியிருந்தால், யாருக்கும் தெரியவே தெரியாது. இசட் டிரைவ் அதே இசட் டிரைவ்தான்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் ஃபைல். அப்புறம் லாகின். ஈமெயில் கடைசி, முடிந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

ஃபைல் சர்வர் ரொம்ப எளிது. டெபியனோ உபுன்டுவோ போட்ட ஒரு பெட்டி, சாம்பா, ஒரே ஒரு அமைப்பு ஃபைலில் சில வரிகள். எந்த ஃபோல்டர், என்ன பெயர், யார் படிக்கலாம், யார் எழுதலாம். அவ்வளவுதான். இதற்குப் பெரிய மெஷின் வேண்டாம். 4 ஜி.பி. ராம் உள்ள பழைய கம்ப்யூட்டர் பன்னிரண்டு பேருக்குத் தாராளம். சாதாரண கிகாபிட் ஒயர் நொடிக்கு 110 எம்.பி. அளவுக்குத்தான் சுமக்கும். அதை நிரப்ப ஓரளவு நல்ல ஹார்ட் டிஸ்க்கே போதும். 60 வாட் இழுக்கும் பெட்டி நாள் முழுக்க ஓடினால் மாசத்துக்குச் சுமார் 43 யூனிட் கரன்ட். இதையும் கணக்கில் எழுதுங்கள், லினக்ஸ் இலவசம்தான், கரன்ட் இலவசம் இல்லை.

பழைய டுடோரியல் பார்த்துச் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாஸ்வேர்டே இல்லாமல் 'கெஸ்ட்' என்று திறந்து விடும் ஷேர் அதில் இருக்கும். விண்டோஸ் 11-ன் 2024 பதிப்பு ப்ரோ கம்ப்யூட்டர்களில் கெஸ்ட் கதவு மூடியே இருக்கும். ரெண்டு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டு லினக்ஸைத் திட்டாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. அதுதான் நல்லதும்கூட.

இன்னொரு பழைய ஆசாமி, மூலையில் நிற்கும் ஜெராக்ஸ் மெஷின். ஸ்கேன் பண்ணியதை நேராக சர்வர் ஃபோல்டரில் போடும் வித்தை அதற்குத் தெரியும். ஆனால் பல பழைய மெஷின்கள் பேசுவது எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பு மட்டும்தான். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வான்னாக்ரை வைரஸ் நுழைந்தது விண்டோஸின் அந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். சாம்பாவும் 2019-ல் அதை மூடி வைத்துவிட்டது. மெஷினுக்காக அதைத் திறந்து விடச் சொல்லி ஆபீஸ்காரர் கேட்பார். திறக்காதீர்கள். ஸ்கேனை ஈமெயிலிலோ, எஃப்.டி.பி. மூலம் தனி ஃபோல்டரிலோ விழ வையுங்கள். ஒன்று சொல்ல வேண்டும், அதே 2017 மே மாதத்தில் சாம்பாவிலும் ஒரு பெரிய ஓட்டை வெளியே வந்தது. 'லினக்ஸுக்கு வைரஸே வராது' என்று யாராவது பீலா விட்டால் இதை ஞாபகப்படுத்துங்கள். அப்டேட் போடாத சர்வர், எந்தக் கொடி பறந்தாலும், திறந்த வீடுதான்.

டாலி எப்படி? அதுதானே முதல் கேள்வி! டாலி சாஃப்ட்வேர் விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே ஓடட்டும், அதன் டேட்டா ஃபோல்டர் மட்டும் சாம்பா ஷேரில் இருக்கலாம். ஆனால் ஒரே டேட்டா ஃபைலைப் பல பேர் திறந்து எழுதும் எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும், 'ஆப்லாக்' என்ற வசதியை அந்த ஷேருக்கு மட்டும் நிறுத்தி வைப்பது நல்லது. ஆப்லாக் என்றால், 'இந்த ஃபைல் இப்போ உன்கிட்ட மட்டும்தான் இருக்கு, கொஞ்ச நேரம் நீயே வச்சு எழுதிக்கோ' என்று சர்வர் கொடுக்கும் சலுகை. வேகம் கூடும். ஆனால் ஒயர் லொடலொடத்தால் கணக்கு குழம்பும். வருஷக் கடைசியில் வேகத்தைவிடக் கணக்கு முக்கியம். எதுவானாலும், நகல் டேட்டாவில் மூன்று பேரை ஒரே நேரத்தில் என்ட்ரி போட வைத்துப் பார்க்காமல் நிஜ டேட்டாவை நகர்த்தாதீர்கள்.

ஐந்து நிமிஷத்தில் எல்லாம் போச்சு!

அடுத்தது லாகின். இங்கேதான் விளையாட்டு ஆரம்பம்.

பழைய விண்டோஸ் சர்வர் உயிரோடு இருந்தால் ஒரு நாகரிகமான வழி உண்டு. லினக்ஸ் பெட்டியை அதே குடும்பத்தில் ரெண்டாவது நாட்டாமையாகச் சேர்ப்பது. பெயர், பாஸ்வேர்டு, குரூப் எல்லாம் தானாக நகலாகி வந்துவிடும். பிறகு பழைய சர்வரிடம் இருக்கும் ஐந்து பதவிகளையும் புதியதற்கு மாற்றி, பழையதை மரியாதையாக ரிட்டையர் பண்ணுவது. அந்த விண்டோஸ் எந்தப் பதிப்பு என்பதைப் பொறுத்து இது சுலபமாகவும் இருக்கும், முரண்டும் பிடிக்கும். சாம்பாவின் ஆவணத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இன்னொரு வழி, புதிதாகவே ஒரு குடும்பம் தொடங்கி ஒவ்வொரு கம்ப்யூட்டராகச் சேர்ப்பது. பன்னிரண்டு கம்ப்யூட்டர்தானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று தோன்றும். திங்கட்கிழமை காலை அக்கா வந்து லாகின் பண்ணுவார். 'ஐயோ, என் டெஸ்க்டாப்ல இருந்ததெல்லாம் எங்கே?' எதுவும் அழியவில்லை. பெயர் அதேயானாலும் விண்டோஸ் கண்ணுக்கு அவர் புது ஆள். ஒவ்வொரு ஆளுக்கும் உள்ளே ஓர் அடையாள எண் உண்டு, அது மாறிவிட்டது. அதனால் புதிதாக ஒரு காலி டெஸ்க்டாப்பைத் திறந்து கொடுக்கிறது. பழைய ப்ரொஃபைலை அவருக்கு மாற்றித் தரும் வேலையையும் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் சேருங்கள். பாதி நேரம் அதற்குத்தான் போகும்.

கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் ஹோம் பதிப்பா என்றும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஹோம் பதிப்பு எந்த நாட்டாமையின் கீழும் சேராது. அது மைக்ரோசாஃப்ட் போட்ட பூட்டு, சாம்பாவால் உடைக்க முடியாது. கடையில் மலிவாகக் கிடைத்தது என்று பத்து லேப்டாப் வாங்கிய ஆபீஸில், பத்துக்கும் ப்ரோ பதிப்புக் காசு எழுத வேண்டி வரும். அல்லது லாகினை விட்டுவிட்டு ஃபைல் சர்வரோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏழெட்டுப் பேர் உள்ள ஆபீஸுக்கு என் ஓட்டு ரெண்டாவதுக்குத்தான். எல்லோரும் நாட்டாமை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இல்லை.

இனி அந்த ஐந்து நிமிஷம். ஆக்டிவ் டைரக்டரி ஆளைச் சரிபார்க்கப் பயன்படுத்தும் முறைக்கு 'கெர்பரோஸ்' என்று பெயர். சினிமா டிக்கெட் மாதிரி, நேரம் போட்ட டிக்கெட் கொடுக்கும். திருட்டு டிக்கெட்டை மறுபடி காட்டி ஏமாற்றக் கூடாது என்பதற்காக, சர்வர் கடிகாரத்துக்கும் உங்கள் கடிகாரத்துக்கும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டிக்கெட் செல்லாது! பழைய மதர்போர்டில் அந்தக் குட்டி பேட்டரி செத்திருக்கும். கரன்ட் போய் வந்தால் தேதி எங்கோ போய்விடும். பாஸ்வேர்டு சரி, ஒயர் சரி, ஆனால் உள்ளே விடாது. புதுசாக வருபவர்கள் நாள் முழுக்கத் தேடுவது இந்தக் கடிகாரத்தைத்தான். அதே மாதிரி, ஒவ்வொரு கம்ப்யூட்டரும் 'டி.என்.எஸ்.' விலாசம் கேட்க வேண்டியது சாம்பாவிடம். மோடத்திடம் கேட்டால் 'நாட்டாமையா? யாரது?' என்றுதான் பதில் வரும். லாகின் தகராறு வந்தால் முதலில் கடிகாரம், அடுத்து டி.என்.எஸ். இந்த ரெண்டையும் பார்த்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

லாகின் வேலையையும் ஃபைல் வேலையையும் ஒரே பெட்டியில் கலக்க வேண்டாம் என்பது சாம்பா குழுவின் அறிவுரை. ரெண்டு பெட்டி வாங்கக் காசில்லையா? ஒரே பெட்டிக்குள் ரெண்டு மாய மெஷின்களை ஓட்டலாம். வர்ச்சுவல் மெஷின் பற்றி செமஸ்டரில் படித்தது முதல்முறையாக உருப்படியாகப் பயன்படும்!

ஈமெயில் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். மெயில் சர்வர் வைப்பது கடினமில்லை. நீங்கள் அனுப்பும் மெயில் மற்றவர்களின் இன்பாக்ஸில் விழ வைப்பதும், ஸ்பேமைத் தடுப்பதும்தான் முழுநேர வேலை. அவுட்லுக்கில் காலண்டர், மீட்டிங் என்று பழகிய ஆபீஸ் என்றால் இன்னும் கஷ்டம். எக்ஸ்சேஞ்ச் போலவே பேச முயன்ற 'ஓப்பன்சேஞ்ச்' என்ற திட்டம் பாதியில் நின்றே போனது. சின்ன ஆபீஸின் மெயிலை மாத வாடகைக்கு எங்காவது வைத்துக்கொள்ளட்டும். ஃபைல் நம்மிடம் இருக்கட்டும்.

ரெடிமேட் பெட்டிகள்

'இவ்வளவு கஷ்டம் எதுக்கு? மவுஸால் க்ளிக் பண்ணி எல்லாத்தையும் அமைக்கிற மாதிரி ரெடிமேடா ஒண்ணு இல்லையா?' இருக்கிறது. கனடாவில் பிறந்த எஸ்.எம்.இ. சர்வர், ஸ்பெயினின் ஸென்டியல், ஜெர்மனியின் யூனிவென்ஷன், இத்தாலியின் நெத்சர்வர்... எஸ்.பி.எஸ்.ஸுக்கு மாற்று என்று சொல்லித்தான் பல வந்தன. உள்ளே பார்த்தால் பெரும்பாலும் அதே சாம்பா, மேலே அழகான திரை.

ஆனால் இலவசத்திலும் மூடுவிழா உண்டு பாஸ். சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸை நம்பித்தான் எஸ்.எம்.இ. சர்வரும் நெத்சர்வரும் கட்டப்பட்டிருந்தன. 2020 டிசம்பரில் ரெட் ஹாட் கம்பெனி சென்ட்ஓஎஸ் 8-ன் ஆயுளை 2021 கடைசியோடு முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அதற்கு முந்தைய 7, 2024 ஜூனோடு முடிந்தது. நெத்சர்வர் 8 வேறு அடித்தளத்தில் புதிதாக எழுதப்பட்டது. எஸ்.பி.எஸ்.காரர்கள் பட்ட அதே அவஸ்தைதான், ஒரே ஒரு வித்தியாசத்தோடு. இங்கே சாம்பாவின் அமைப்பு ஃபைலையும் டேட்டாவையும் எடுத்துக்கொண்டு டெபியனுக்கோ வேறு லினக்ஸுக்கோ போய்விடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யாருக்கும் 'கால்' கட்ட வேண்டாம். ரெடிமேட் திரையை மட்டும் தெரிந்து வைத்தவர் அங்கே திணறுவார். அடியில் சாம்பா எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வீடு மாற்றிவிடுவார்.

ஆபீஸ்காரரிடம் போய் 'லைசென்ஸ் காசு மிச்சம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் காசில் ஒரு பகுதி ஆளுக்குப் போகும். ராத்திரி எட்டு மணிக்கு சர்வர் நின்றால் போனை எடுக்க ஒருவர் வேண்டும். பாதி சின்ன ஆபீஸ்களில் லினக்ஸ் தோற்பது சாஃப்ட்வேரால் இல்லை. அமைத்துக் கொடுத்த தம்பி பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விடுவார், பாஸ்வேர்டு அவர் கூடவே போய்விடும். அதனால், என்ன அமைத்தீர்கள், எங்கே அமைத்தீர்கள், ரூட் பாஸ்வேர்டு எந்தக் கவரில் இருக்கிறது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழிலேயே எழுதிப் பீரோவில் வையுங்கள். அந்த நோட்டு இல்லாமல் வேலை முடிந்தது என்று சொல்லக் கூடாது.

ஃபைனல் இயருக்கு ஒரு ப்ராஜெக்ட்!

இன்னும் எத்தனை வருஷத்துக்கு 'லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்' பண்ணுவீர்கள்? 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிந்ததால், விண்டோஸ் 11 ஏறாத நல்ல கம்ப்யூட்டர்கள் பழைய சாமான் கடைக்குப் போகின்றன. ஒன்றைப் பிடியுங்கள். அதில் டெபியன், சாம்பா. நண்பரின் விண்டோஸ் லேப்டாப் ஒன்று. ஒரு ஒயர். ஆய்வுக்கூடம் ரெடி!

ரெண்டாவது ஹார்ட் டிஸ்க் ஒன்று போட்டு, அதை 'பி.டி.ஆர்.எஃப்.எஸ்.' முறையில் அமையுங்கள். அது ஒவ்வொரு மணி நேரமும் டிஸ்க்கின் நிலையைப் போட்டோ எடுத்த மாதிரி 'ஸ்னாப்ஷாட்' வைக்கும்படி செய்யலாம். சாம்பாவில் ஒரு சின்ன இணைப்பு, அந்த ஸ்னாப்ஷாட்டுகளை விண்டோஸிலேயே காட்டும். ஃபைல் மேல் ரைட் க்ளிக், 'ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்', காலை பதினோரு மணிக்கு அந்த ஃபைல் எப்படி இருந்தது என்று வரும். லேப்டாப்பில் வைரஸ் புகுந்து ஷேரில் உள்ள எல்லா ஃபைலையும் பூட்டினாலும், எழுத முடியாதபடி எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்டை அந்த லேப்டாப்பில் இருந்து தொட முடியாது. இருந்தாலும் ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க் போனால் அதுவும் போச்சு. அதனால் தினம் ராத்திரி இன்னொரு டிஸ்க்குக்கு ஒரு நகல் போக வேண்டும். அந்த டிஸ்க் வேறு கட்டடத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

எல்லாம் அமைத்த பிறகு ஒரு வேலை. நண்பரை விட்டு ஒரு ஃபோல்டரை மொத்தமாக அழிக்கச் சொல்லுங்கள். எந்த ஃபோல்டர் என்று உங்களிடம் சொல்லக் கூடாது. பிறகு மீட்டெடுங்கள். அடுத்து, டேட்டா டிஸ்க்கையே கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நகலில் இருந்து ஷேரைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ரெண்டுக்கும் எத்தனை நிமிஷம் ஆனது என்று வாட்ச்சைப் பார்த்து, அந்த நாற்பது பக்க நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஆடிட்டர் உங்களைக் கேட்கப் போகிற முதல் கேள்வி அதுதான்.